பிறந்த நேரம்

பீரோவின் உள்ளறையில், பட்டுப்புடவைகளுக்கு அடியில், ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதற்குள் அடையாள அட்டை நகல்கள், இறந்துபோன தாத்தாவின் ஊழியர் சேமநிதிக் காகிதங்கள், ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய பில்கள். எல்லாவற்றுக்கும் கீழே நான்காக மடித்த ஒரு நாள்காட்டித் தாள். பாட்டி அதை என் கையில் தரவில்லை. மேசைமேல் விரித்து, ஓரங்களை உள்ளங்கையால் நீவிவிட்டு, பிறகுதான் என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். பெரிய எண்ணில் தேதி. கீழே ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம். குளிகைக்கும் சூலத்துக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: வி.கா. 3.12.

அது அவருடைய பேரன் பிறந்த நேரம். ஜாதகம் கணிப்பதற்காகக் குறித்து வைத்தது. அன்று அறுவைக்கூடத்துக்கு வெளியே காத்திருந்தபோது கையில் தாள் இல்லை. காவலாளியிடம் பேனா வாங்கி உள்ளங்கையில் எழுதிக்கொண்டாராம். காலையில் வீட்டுக்கு வந்து, குளிப்பதற்கு முன்னால், சுவரில் இருந்த அன்றைய தாளைக் கிழித்து அதில் மாற்றி எழுதினார். குளித்தால் அழிந்துவிடுமே என்ற கவலை.

என் பையில் மருத்துவமனை கொடுத்த ஒன்றரைப் பக்கச் சுருக்க அறிக்கை இருந்தது. அதில் பிறந்த நேரம் விடியற்காலை 2.58.

இரண்டுக்கும் இடையே 14 நிமிடம்.

கோலாலம்பூரின் செந்தூலில் ஒரு பழைய அடுக்குமாடியின் ஏழாவது மாடி அது. பேரனுக்கு இப்போது 9 வயது. கழுத்து இன்னும் முழுதாக நிற்கவில்லை. பேச்சு வரவில்லை, ஆனால் பாட்டி கொலுசு போட்டு நடந்தால் எந்தத் திசையில் நடக்கிறார் என்று கண்ணாலேயே பின்தொடர்கிறான். பெருமூளை வாதம். கைகால்களின் அசைவைக் கட்டுப்படுத்தும் மூளைப்பகுதிகளில் ஏற்பட்ட சேதம். அவனுடைய அம்மா அவனுக்குச் சோறு ஊட்ட ஒவ்வொரு வேளையும் முக்கால் மணி நேரம் ஆகிறது. விழுங்கும்போது புரையேறினால் நுரையீரலுக்குள் போய்விடும் என்பதால் அவசரப்படுத்த முடியாது.

நான் 11 ஆண்டுகள் தாதியாக வேலை செய்தவள். அதில் 8 ஆண்டுகள் பிரசவ அறையில். வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்தேன். இப்போது கோலாலம்பூரில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பிரசவத்தின்போது குழந்தைக்கு நேரும் காயங்களும் மருத்துவக் கவனக்குறைவுச் சட்டமும் என் ஆய்வுப் பொருள். பகலில் நூலகத்தில் தீர்ப்புகளைப் படிப்பேன். சனி, ஞாயிறு கிழமைகளில் குடும்பங்களைப் போய்ப் பார்ப்பேன். செந்தூல் குடும்பம் அப்படிக் கிடைத்த உறவு. அவர்களுடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவமனையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அந்த இரவில் அங்கே வேலை பார்த்தவர்களின் தரப்பை நான் கேட்டதில்லை.

பாட்டி இன்னும் என்னை மிசி என்றுதான் கூப்பிடுகிறார். தாதி வேலையை விட்டுவிட்டேன் என்று எத்தனை முறை சொன்னாலும், "விட்டால் என்ன, மிசி மிசிதானே" என்பார்.

அந்த 14 நிமிடத்தைப் பார்த்தவுடன் எனக்கு வயிறு கலங்கியது. தாதிக்கு அது கலங்கும். தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும் இரத்தமும் உயிர்வளியும் முழுவதுமாக நின்றுபோனால், ஏறக்குறைய 10 நிமிடத்துக்குப் பிறகு மூளை சேதப்படத் தொடங்கும். அதன்பின் ஒவ்வொரு நிமிடமும் ஒரு கணக்கு. 2.58க்கு எடுத்துவிட்டதாக எழுதிய குழந்தையை உண்மையில் 3.12க்குத்தான் எடுத்திருந்தால், அந்த 14 நிமிடமும் அவன் உள்ளே மூச்சுத் திணறிக்கொண்டிருந்தான் என்றாகிறது. யாரோ நேரத்தை முன்னதாக்கி எழுதிவிட்டார்கள் என்றாகிறது. அன்று பஸ்ஸில் திரும்பும்போது என் மனம் முழுக்க இந்த எண்ணம்தான். பல வாரங்கள் அப்படியேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிரசவ அறையை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அங்கே எவ்வளவு எழுதுகிறோம் என்பது தெரியாது. பார்ட்டோகிராம் என்று ஒரு தாள் உண்டு. கருப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது, பத்து நிமிடத்தில் எத்தனை வலி, பனிக்குட நீரின் நிறம் என்ன, தாயின் நாடி, குழந்தையின் இதயத் துடிப்பு எல்லாம் அந்த ஒரே தாளில் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் ஏறும். 1972ல், அன்று ரொடீசியா என்று அழைக்கப்பட்ட ஜிம்பாப்வேயில், ஃபில்பாட், காசில் என்ற இரண்டு மருத்துவர்கள் அதில் இரண்டு சாய்கோடுகளைச் சேர்த்தார்கள். ஒன்று எச்சரிக்கைக் கோடு. அதற்கு 4 மணி நேரம் வலப்பக்கம் தள்ளி நடவடிக்கைக் கோடு. மருத்துவர் இல்லாத சிறிய கிளினிக்கில் தனியாக நிற்கும் ஒரு மருத்துவச்சி, தாயை எப்போது பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று கண்ணால் பார்த்தே முடிவெடுக்க வேண்டும் என்பதற்காக வரைந்த கோடுகள் அவை. நான் இதுவரை பார்த்த மருத்துவக் கண்டுபிடிப்புகளில் இவ்வளவு எளியதும் இவ்வளவு அன்பானதும் வேறில்லை.

இன்னொன்று சிடிஜி. தாயின் வயிற்றில் பட்டை கட்டி, குழந்தையின் இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதிவுசெய்யும் கருவி. நிமிடத்துக்கு 1 சென்டிமீட்டர் வேகத்தில் காகிதம் ஓடிக்கொண்டே இருக்கும். 110க்கும் 160க்கும் நடுவே துடிப்பு நெளிந்து நெளிந்து ஓடினால் நிம்மதி. வலி முடிந்த பிறகும் துடிப்பு இறங்கியே கிடந்தால், தட்டையாகிப்போனால், கை தானாகத் தொலைபேசிக்குப் போகும். அந்தக் காகிதம் சூட்டில் பதியும் வகை. ஆண்டுகள் ஆக ஆக மங்கிவிடும். பேரங்காடி ரசீதைப் பணப்பையில் ஓராண்டு வைத்திருந்து எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இனி நான் சொல்லப்போவதை என் ஆய்வேட்டில் எழுத இடமில்லை. இங்கே எழுதத்தான் வேண்டும்.

ஓர் இரவு, நான் பணியில் இருந்தபோது, ஒரு தாய்க்குத் திடீரென்று இரத்தப்போக்கு. குழந்தையின் துடிப்பு 80க்கு இறங்கிவிட்டது. பக்கத்து அறையில் இன்னொருத்தி முக்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் எத்தனை பேர் இருந்தோமோ அத்தனை பேரும் ஓடினோம். கட்டிலைத் தள்ளிக்கொண்டு அறுவைக்கூடத்துக்குப் போனோம். எல்லாம் முடிந்து காலை 5 மணிக்குத்தான் தாளுக்கு முன்னால் உட்கார்ந்தேன். மருத்துவருக்குத் தகவல் சொன்ன நேரம் என்ற இடத்தில் 1.40 என்று எழுதினேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்ததாக ஞாபகம். முள் எட்டின் மேல் இருந்ததாக ஞாபகம். சரியாக 1.40தானா? 1.33 ஆக இருக்கலாம். 1.50 ஆகவும் இருக்கலாம். பிறகு எழுதியது என்று பக்கத்தில் குறிப்பிட்டு எழுதுவதுதான் முறை. நான் குறிப்பிடவில்லை.

அந்தக் குழந்தை நன்றாக அழுதது. தாயும் பிழைத்தாள். அதனால் என் 1.40ஐ யாரும் எந்த நீதிமன்றத்திலும் எடுத்துக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அது என் கையெழுத்தோடு கூடிய ஆவணம். நிகழ்ந்த நேரத்திலேயே எழுதிய சான்று என்று அதற்கு எடை கூடியிருக்கும். தாயோ தாயின் அம்மாவோ வேறு நேரம் சொல்லியிருந்தால், அது வெறும் ஞாபகம் ஆகியிருக்கும். என்னுடையதும் ஞாபகம்தான் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

இதை நினைத்துக்கொண்டுதான் நான் ஒவ்வொரு தீர்ப்பையும் படிக்கிறேன். யாரும் பொய் எழுதினார்கள் என்று எடுத்த எடுப்பில் நம்பமாட்டேன். எழுதியதெல்லாம் நடந்தது என்றும் நம்பமாட்டேன்.

பெருமூளை வாதம் என்றாலே பிரசவத்தில் யாரோ தவறு செய்துவிட்டார்கள் என்று நம் வீடுகளில் பேசிக்கொள்வது உண்டு. லண்டனில் வில்லியம் ஜான் லிட்டில் என்ற மருத்துவர் 1861லேயே, கடினமான பிரசவத்தால்தான் இந்த நிலை வருகிறது என்று மகப்பேறு மருத்துவர் சங்கத்தில் பேசினார். 1897ல் அதை மறுத்து, சிக்கல் கருவிலேயே தொடங்கியிருக்கலாம், கடினமான பிரசவம் அதன் விளைவாகவே இருக்கலாம் என்று எழுதியவர் சிக்மண்ட் ஃபிராய்டு. மனப்பகுப்பாய்வால் உலகம் அறிந்த அதே ஃபிராய்டு. அன்று அவர் நரம்பியல் மருத்துவர். அவர் சொன்னதை ஏறக்குறைய 90 ஆண்டுகள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் 50,000க்கும் மேற்பட்ட கர்ப்பங்களைப் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 1986ல் வெளிவந்தபோதுதான், பிரசவ நேரத்து மூச்சுத்திணறல் இதில் ஒரு சிறு பகுதிக்கே காரணம் என்பது உறுதியாயிற்று. மிகக் குறைந்த மாதத்தில் பிறப்பது, கருவில் தொற்று, மரபணு என்று காரணங்கள் பல.

சிடிஜி பற்றியும் இப்படி ஒரு சங்கடமான உண்மை இருக்கிறது. தொடர்ந்து கண்காணித்த பிரசவங்களில் பிறந்த குழந்தைகளுக்கு வலிப்பு பாதியாகக் குறைகிறது. ஆனால் பெருமூளை வாதம் குறையவில்லை. இத்தனை காகிதம் ஓடியும் அந்த எண்ணிக்கை அசையவில்லை. இதை ஒரு தாயிடம் உட்கார்ந்து சொல்லிப் பாருங்கள். முகத்தைப் பார்த்துச் சொல்வது எவ்வளவு கடினம் என்பது புரியும்.

ஆனாலும் செந்தூல் குழந்தையின் அறிக்கையில் ஒரு வரி என்னை விடவில்லை. பிறந்த 5ஆவது நிமிடத்தில் அப்கார் மதிப்பெண் 7. நிறம், துடிப்பு, தூண்டினால் முகம் சுளிப்பது, தசை இறுக்கம், மூச்சு என்று ஐந்துக்கும் இரண்டிரண்டாகப் பத்துக்கு மதிப்பெண் போடும் இந்த முறையை 1952ல் வர்ஜீனியா அப்கார் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்தார். 7 என்றால் பயமில்லை என்று பொருள். ஆனால் அடுத்த பத்தியிலேயே, குழந்தையை 72 மணி நேரம் குளிர்விக்கும் சிகிச்சையில் வைத்ததாக இருந்தது. பிறக்கும்போது மூளைக்கு உயிர்வளி குறைந்துவிட்டது என்று மருத்துவர்கள் கருதும் குழந்தைகளை, 6 மணி நேரத்துக்குள் தொடங்கி, உடல் வெப்பத்தை 33, 34 டிகிரிக்கு இறக்கி மூன்று நாள் வைத்திருப்பார்கள். மூளை மேலும் கெடாமல் காப்பதற்காக. 7 மதிப்பெண் வாங்கிய குழந்தையை அப்படிக் குளிர்விக்க வேண்டிய தேவை சாதாரணமாக வராது. ஒரே அறிக்கையில் இரண்டு வரிகள் ஒன்றையொன்று பார்த்து முறைத்துக்கொண்டு நின்றன. அம்மாவிடம் அன்று சொன்னது ஒன்றுதான்: "குழந்தையைக் குளிரில் வைத்திருக்கிறோம், தொடக்கூடாது." அவர், தாய்ப்பால் சூடு ஆகாது என்பதுபோல ஏதோ பத்தியம் என்று நினைத்துக்கொண்டாராம்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? நம் மலேசியாவின் மருத்துவ வழக்குகளில் பழைய ஒன்றை நான் அடிக்கடி நினைப்பேன். அரசாங்கக் கிளினிக்கில் ஆமாவாக, அதாவது பணிப்பெண்ணாக, வேலை பார்த்த ஒரு சீனப் பெண்மணி. காலில் புண். மருத்துவர் பென்சிலின் ஊசி போட்டார். ஒரு மணி நேரத்துக்குள் இறந்துபோனார். பென்சிலின் அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்பது ஏற்கனவே அவருடைய நோயாளி அட்டையில் எழுதியிருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. தாயார் தொடுத்த வழக்கு, அன்று நம் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1967ல் கவனக்குறைவுதான் என்று தீர்ந்தது. அங்கே உண்மை அட்டையில் இருந்தது. பிரசவ வழக்குகளில் அப்படி ஒரு வரி கிடைப்பது அபூர்வம்.

இங்கிலாந்தில் 1957ல் வந்த போலம் தீர்ப்பின் அளவுகோல் இன்றும் இங்கே உயிரோடு இருக்கிறது. அத்துறையில் பொறுப்புள்ள மருத்துவர்களில் ஒரு சாரார் ஏற்றுக்கொள்ளும் முறையில் ஒரு மருத்துவர் நடந்திருந்தால், வேறொரு சாரார் மறுத்தாலும், அது கவனக்குறைவு ஆகாது. அதாவது மருத்துவரை அளக்கும் கோலை மருத்துவர்களே தருகிறார்கள். 2006 டிசம்பரில் நம் நாட்டின் உச்ச மன்றமான கூட்டரசு நீதிமன்றம் இதில் ஒரு பகுதியைத் திருத்தியது. 1982ல் கழுத்தில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு முடங்கிப்போன ஒரு பெண்ணின் வழக்கு அது. தீர்ப்பு வர 24 ஆண்டுகள். சிகிச்சையின் ஆபத்தை நோயாளியிடம் எடுத்துச் சொல்லும் விஷயத்தில், எவ்வளவு சொல்லியிருக்க வேண்டும் என்பதை நீதிமன்றமே தீர்மானிக்கும் என்றது. பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது 2015ல்தான். நாம் 9 ஆண்டுகள் முன்னால். பிறகு 2017ல், பிறக்கும்போது மூளை பாதிக்கப்பட்ட ஒரு குழந்தையின் வழக்கிலேயே, நோய் கண்டறிவதிலும் சிகிச்சையிலும் பழைய போலம் அளவுகோல்தான் என்று கூட்டரசு நீதிமன்றம் தெளிவாக்கியது. சொல்வதற்கு ஓர் அளவு, செய்வதற்கு ஓர் அளவு.

பிரிட்டனின் அந்த 2015 தீர்ப்பு நம் பெண்கள் எல்லாருக்கும் தெரிய வேண்டியது. ஸ்காட்லாந்தில் ஒரு தாய், உயரம் குறைந்தவர், இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர். இனிப்புநீர் உள்ள தாயின் குழந்தை பெரிதாக வளரும். தலை வந்த பிறகு தோள் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு 9, 10 சதவீதம். அதை மருத்துவர் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அறுவை சிகிச்சையைக் கேட்பார்கள் என்று நினைத்தார். 1999ல் அந்தப் பிரசவத்தில் தலை வெளிவந்து உடல் வர 12 நிமிடம் ஆனது. குழந்தைக்குப் பெருமூளை வாதம். சொல்லியிருக்க வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இனிப்புநீர் நமக்குப் புதிதா? சுகாதார கிளினிக்கில் கர்ப்பகாலப் பதிவுக்கான இளஞ்சிவப்புப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையில் உட்காரும் நம் பெண்களில் எத்தனை பேர் அந்தச் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்திருக்கிறோம். புத்தகத்தின் மேல் ஒட்டும் வண்ணக் குறி ஆபத்தின் அளவைச் சொல்கிறது. சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை, மஞ்சள் என்றால் நிபுணர். வண்ணம் தாதிக்குத் தெரியும், மருத்துவருக்குத் தெரியும். ஏன் மஞ்சள் என்று தாயிடம் யார் சொன்னார்கள்? கிள்ளானில் நான் சந்தித்த ஒரு தாயின் மகனுக்கு வலது கை தோளிலிருந்து தொங்கியே கிடக்கிறது. பிறக்கும்போது 4 கிலோவுக்கு மேல். தோள் சிக்கி, கழுத்து நரம்புகள் இழுபட்ட காயம். அவர் சொன்னார்: "சர்க்கரையைக் குறை, சோற்றைக் குறை என்றுதான் சொன்னார்கள். பிள்ளையின் தோளுக்கும் சோற்றுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் நான் பட்டினி கிடந்திருப்பேனே." இதை அவர் அழாமல் சொன்னார். எனக்குத்தான் எழுத முடியவில்லை. பட்டினி கிடக்கவும் வேண்டியதில்லை, பேசியிருந்தால் போதும் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செந்தூலுக்குத் திரும்புகிறேன். அங்கே தடையாக நின்றது வேறொன்று: காலவரம்பு. அரசாங்க மருத்துவமனை மீது வழக்குப் போட, 1948ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் 36 மாதம் தருகிறது. தனியார் மருத்துவமனை என்றால் 6 ஆண்டு. குழந்தைக்கு அந்த 6 ஆண்டும் 18 வயதுக்குப் பிறகுதான் ஓடத் தொடங்கும். இதைக் கேள்விப்பட்டு, பிள்ளை பெரியவனாகட்டும் என்று அரசாங்க மருத்துவமனை விஷயத்திலும் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து காத்திருக்காதீர்கள். முதல் ஆண்டிலேயே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். மருத்துவப் பதிவுகளின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். வழக்குப் போடாவிட்டாலும் கேளுங்கள்.

அந்த 36 மாதம் செந்தூல் வீட்டில் எப்படிப் போயிற்று என்று ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். முதல் மூன்று மாதம் அம்மா பச்சை உடம்புக்காரி. அறுவைத் தையல் ஆறவில்லை. ஆறு மாதத்தில் கழுத்து நிற்கவில்லை என்றதும், சில பிள்ளைகள் மெதுவாகத்தான் வளரும் என்று எல்லாரும் சொன்னார்கள். எண்ணெய் தேய்த்து உருவிவிட ஓர் அம்மாள் வந்தார். சோதிடர் பாலாரிஷ்டம் என்றார், பரிகாரம் செய்தார்கள். ஒன்றரை வயதில்தான் மருத்துவர் பெருமூளை வாதம் என்ற சொல்லைச் சொன்னார். அதன் பிறகு வாரம் இரண்டு நாள் உடற்பயிற்சிச் சிகிச்சை. அப்பா வேலையிலிருந்து விடுப்பு எடுத்து எடுத்து, அந்த வேலையே போயிற்று. இடையில் மூன்று தைப்பூசம். மூன்றிலும் கரும்புத் தொட்டில் கட்டி, பத்துமலையின் 272 படிகளையும் ஏறினார்கள். மூன்றாவது தைப்பூசம் முடிந்து சில வாரங்களில் 36 மாதமும் முடிந்திருந்தது. அது முடிகிற விஷயம் என்றே அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

வழக்குப் போட்டு வென்றிருந்தால் மட்டும் என்ன கிடைத்திருக்கும் என்றும் நான் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பராமரிப்புச் செலவு, சிகிச்சை, சக்கர நாற்காலி, வலிக்கும் வேதனைக்கும் ஒரு தொகை. ஆனால் 1956ஆம் ஆண்டின் குடிமைச் சட்டத்தில் 28ஏ பிரிவு ஒன்று இருக்கிறது. எதிர்கால வருமான இழப்பைக் கேட்பவர் காயம் படுவதற்கு முன்பே சொந்த உழைப்பில் சம்பாதித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும் என்கிறது. பிறக்கும்போதே காயப்பட்ட குழந்தை எப்போது போய்ச் சம்பாதித்திருக்கும்? முதல் மூச்சுக்கு முன்னால் சம்பளச் சீட்டு கேட்கும் பிரிவு அது. இதைப் படித்த அன்று நான் நூலகத்தில் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்து மரத்தடியில் வெகு நேரம் நின்றேன்.

மருத்துவர்கள்மீது எனக்குக் கோபம் என்று நினைத்துவிட வேண்டாம். 2021 ஜூலை 26 அன்று ஒப்பந்த மருத்துவர்கள் நிரந்தரப் பணி கேட்டு மருத்துவமனைகளுக்கு வெளியே வந்து நின்றபோது, அவர்களில் பலர் நான் பிரசவ அறையில் தோளோடு தோள் நின்ற பிள்ளைகள். முப்பது மணி நேரம் தூங்காமல் கையெழுத்துப் போட்டவர்கள். வழக்கு வரும் என்ற பயம்தான் அவர்களை வாய் திறக்காமல் வைத்திருக்கிறது. குடும்பத்தோடு பேசாதே, எதையும் ஒப்புக்கொள்ளாதே என்றுதான் புதிதாக வருகிறவர்களுக்கு மூத்தவர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கும் சொன்னார்கள், நானும் அப்படியே நடந்தேன்.

ஜப்பான் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. 2009 ஜனவரியில் அங்கே ஒரு திட்டம் தொடங்கியது. பிரசவத்தோடு தொடர்புடைய கடுமையான பெருமூளை வாதம் என்று உறுதியானால், யார் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. குடும்பத்துக்கு மொத்தம் 3 கோடி யென். முதலில் 60 லட்சம், பிறகு 20 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12 லட்சம். பணத்தைவிட என்னை ஈர்த்தது அடுத்த பகுதி. ஒவ்வொரு குழந்தையின் பிரசவத்தையும் நிபுணர் குழு ஒன்று மணிக்கு மணி ஆராய்ந்து, என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று அறிக்கை எழுதி, பெற்றோருக்கும் மருத்துவமனைக்கும் கொடுக்கிறது. அடையாளம் நீக்கிய சுருக்கத்தைப் பொதுவிலும் வைக்கிறது. மற்ற மருத்துவமனைகள் படித்துத் திருந்துவதற்காக. நம் நாட்டில் பிரசவத்தில் இறக்கும் தாய்மார்களின் மரணங்களை 1991 முதல் இரகசியம் காத்து ஆராய்கிறோம். அந்தப் பழக்கம் நமக்கு உண்டு. பிழைத்து, காயப்பட்ட குழந்தைகளுக்கும் அதை நீட்டிக்க வேண்டும். அதன் முடிவைத் தாயிடம் அவளுடைய மொழியில் சொல்ல வேண்டும். என் ஆய்வேட்டின் முடிவு அதிகாரம் இதுதான்.

நான் பேசிய பெற்றோர் எல்லாரும் முதலில் கேட்டது என்ன நடந்தது என்றுதான். பணத்தைப் பற்றிய பேச்சு பிறகுதான் வந்தது. சில வீடுகளில் வரவே இல்லை. நீதிமன்றத்திலோ யார் தவறு, எந்த அளவுகோலில் தவறு, எத்தனை மாதத்துக்குள் வந்தாய் என்றுதான் பேச்சு ஓடுகிறது. தாய் கேட்ட கேள்வி ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்தின் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

போன மாதம் மறுபடியும் செந்தூலுக்குப் போனேன். நாள்காட்டித் தாளை ஒரு படம் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்கத்தான் போனேன். பாட்டி டின்னைத் திறந்து தாளை விரித்தார். பேச்சுவாக்கில் கேட்டேன்:

"பாட்டி, அன்றைக்கு வெளியே வந்த மிசி, குழந்தை 3.12க்குப் பிறந்தது என்று அவராகவே சொன்னாரா, நீங்கள் கேட்டீர்களா?"

"நான்தான் கேட்டேன். ஆனால் பிறந்த நேரத்தைக் கேட்கவில்லையே. பிள்ளை அழுத நேரத்தைத்தானே கேட்டேன். அழுத நேரத்துக்குத்தான் ஜாதகம் எழுத வேண்டும் என்று எங்கள் அம்மா சொல்லியிருக்கிறார்."

எனக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் ஓடியது. 2.58க்கு எடுத்தார்கள். அது பொய் இல்லை. 3.12க்கு அழுதான். அதுவும் பொய் இல்லை. நடுவில் இருந்த 14 நிமிடமும் அவன் வெளியேதான் இருந்தான், மூச்சு விடாமல். அப்படியானால் 5ஆவது நிமிடத்தில் 7 என்ற மதிப்பெண்தான் கேள்விக்குரியது. குளிர்வித்தது ஏன் என்பதும் புரிந்துவிட்டது. பல வாரங்களாக நான் தப்பான இடத்தில் தோண்டிக்கொண்டிருந்தேன். பேனா இரவல் வாங்கிய பாட்டி, சரியான கேள்வியை அன்றைக்கே கேட்டு, விடையை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்.

அவன் அம்மா பக்கத்தில் மகனை மடியில் சாய்த்துக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். அன்றிரவு அவருக்கு முழு மயக்கம் கொடுத்திருந்தார்கள், எதுவும் தெரியாது. மாமியார் அழுத நேரத்தைத்தான் எழுதினார் என்பதை 9 ஆண்டுகளில் அவரும் இன்றுதான் கேட்கிறார். கரண்டி பாதியில் நின்றது.

"அப்படியென்றால் 14 நிமிடம் அவன் அழவே இல்லையா, மிசி?"

"அப்படித்தான் தெரிகிறது, அக்கா."

"அந்த நேரம் முழுக்க என்ன செய்துகொண்டிருந்தார்கள்?"

அந்த அறையில் நான் இருக்கவில்லை. ஆனால் அதுபோன்ற அறைகளில் இருந்திருக்கிறேன். அவரிடம் அதைச் சொல்லிவிட்டு, வழக்கமாக என்ன செய்வோம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். முதலில் சூடான துணியில் துடைத்து, முதுகைத் தேய்ப்போம். முதல் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு வராவிட்டால், மூக்கையும் வாயையும் மூடி ஒரு சிறிய முகக்கவசம் வைத்து, பையை அழுத்தி அழுத்திக் காற்றைச் செலுத்துவோம். நெஞ்சு உயர்கிறதா என்று பார்ப்போம். துடிப்பு 60க்குக் கீழே என்றால், இரண்டு கட்டைவிரலால் நெஞ்சை மூன்று முறை அழுத்தி, ஒரு முறை காற்று. மூன்று, ஒன்று. மூன்று, ஒன்று. ஒருவர் வாய்விட்டு எண்ணிக்கொண்டே இருப்பார். இன்னொருவர் தொப்புள்கொடி வழியாக மருந்து செலுத்துவார். யாரும் நிறுத்த மாட்டோம். அழுகைச் சத்தம் வந்த பிறகும் சிறிது நேரம் கையை எடுக்க மனம் வராது.

அவர் கடைசி வரை கேட்டார். தவறு யாருடையது என்று கேட்கவில்லை. மகனின் வாயோரத்தில் வழிந்த கஞ்சியை முந்தானையால் துடைத்துவிட்டு, வெகு நேரம் கழித்துக் கேட்டார்:

"அப்படியானால் அத்தனை நேரமும் யாராவது அவன்கூட இருந்திருப்பார்கள், இல்லையா?"

"இருந்திருப்பார்கள், அக்கா."

பாட்டி தாளைப் பழைய மடிப்பிலேயே நான்காக மடித்து, டின்னுக்குள் வைத்தார்.